வாழையின் வரலாறு – 17: ரஸ்தாளியைத் தொடர்ந்து வந்த பூஞ்சை

சென்ற இதழில், 1955ஆம் ஆண்டு நார்மன் சிம்மண்ட்ஸும் கென்னத் ஷெப்பர்டும் நாம் உண்ணும் வாழைகளை இரண்டு காட்டு முன்னோர்களின் வழிவந்தவையாக வகுத்ததைப் பார்த்தோம். மூசா அக்யூமினாட்டாவின் பங்குக்கு ‘ஏ’, மூசா பால்பிசியானாவின் பங்குக்கு ‘பி’. அந்தக் கணக்குப்படி மோரிஸ் ‘ஏஏஏ’, கற்பூரவல்லி ‘ஏபிபி’. ரஸ்தாளியும் பூவனும் ‘ஏஏபி’.

இந்த எழுத்துகளோடு திருச்சி மாவட்டத்து வாழைத் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்தால் உடனே ஒரு கேள்வி எழும். வாடல் நோய் புகுந்த நிலத்தில் ரஸ்தாளி சாய்ந்து கிடக்கும். அதே மண்ணில், அதே தண்ணீரைக் குடித்த பூவன் தார் தள்ளி நிற்கும். இரண்டுமே ‘ஏஏபி’. பிறகு ஏன் ஒன்று விழுகிறது, ஒன்று நிற்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய நூற்றைம்பது ஆண்டு உழைப்புதான் இந்த அத்தியாயம்.

ஆற்றுக்கு நடுவே

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. ஆண்டாண்டாக வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த வண்டல், தோண்டினால் சீக்கிரமே கிடைக்கும் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் சந்தை. வாழைக்கு இதைவிட என்ன வேண்டும்? தீவின் படுகைகளிலும், தென்கரையில் ஜீயபுரம், அந்தநல்லூர், பெட்டவாய்த்தலை வரையிலும், வடகரையில் முசிறி, தொட்டியம் வரையிலும், கிழக்கே லால்குடிப் பக்கமும் வாழை நெல்லோடு மாறி மாறி வருகிறது.

இங்கே வாழையில் வீணாவது எதுவும் கிடையாது. பழம் காந்தி மார்க்கெட் மண்டிக்குப் போகிறது. இலை பந்திக்கும் உணவு விடுதிகளுக்கும் போகிறது. அரங்கனுக்குத் தொடுக்கும் மாலைக்கு நார் வேண்டும். தாம்பூலத் தட்டுக்குப் பூவன் வேண்டும். வாய்க்கு ருசியாகச் சாப்பிட என்றால் ரஸ்தாளி. மெல்லிய தோல், வெண்ணெய் போன்ற சதை, லேசான புளிப்பு கலந்த இனிப்பு. அந்த ருசிக்காகவே மண்டியில் அதற்குத் தனி விலை.

ரஸ்தாளி போட்டவருக்கு அந்த விலையோடு ஒரு பயமும் கூடவே வரும். ஐந்தாம், ஆறாம் மாதத்தில் அடி இலையின் ஓரம் மஞ்சளாகும். சில நாளில் இலைகள் காம்போடு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். அடித்தண்டு நெடுக்காக வெடிக்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். வேர் வழியாக நுழைந்த பூஞ்சை, நீரேற்றும் குழாய்களுக்குள் வளர்ந்து அவற்றை அடைத்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. வயலில் தண்ணீர் நிற்கும்போதே மரம் தாகத்தில் சாகிறது.

பிரிஸ்பேனில் விழுந்த முதல் மரம்

இந்த நோயைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பிரிஸ்பேன் அருகே ஈகிள் ஃபார்ம் என்ற இடத்தில் வாடிய வாழைகளைப் பற்றி ஜோசப் பான்கிராஃப்ட் என்ற மருத்துவர் 1876இல் எழுதினார். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவுக்குத் தன் பெயரைக் கொடுத்தவரும் இவரே.

ஈகிள் ஃபார்மில் வாடியது எந்த வாழை? அங்கே அதற்கு ‘சுகர்’ வாழை என்று பெயர். வகைப்பாட்டில் அது ‘சில்க்’ குழுவைச் சேர்ந்தது. நம் ரஸ்தாளியும் அதே குழுதான். வங்காளத்தின் மர்த்தமான், ஆந்திரத்தின் அமிர்தபாணி, கேரளத்தார் பூவன் என்று அழைக்கும் பழம், கர்நாடகத்தின் ரசபாளே, பிரேசிலின் மசாங் எல்லாம் இந்த ஒரே குடும்பம். பனாமா வாடல் நோயின் எழுதப்பட்ட வரலாறு ரஸ்தாளியின் உடன்பிறப்பு ஒன்றின் சாவில்தான் தொடங்குகிறது.

பனாமா என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. பனாமா, கோஸ்டாரிகா நாடுகளில் ஏற்றுமதிக்காகக் குரோஸ் மிஷேல் என்ற ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நட்டார்கள். 1890கள் முதல் அந்தத் தோட்டங்கள் வாடத் தொடங்கின. கியூபாவிலிருந்து வந்த மாதிரிகளில் இருந்த பூஞ்சைக்கு அமெரிக்காவின் எர்வின் ஸ்மித் 1910இல் ஃபுசேரியம் கியூபென்ஸ் என்று பெயரிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, 1911இல், வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துச் சின்சுராவில் இந்த நோய் பதிவானது. இந்தியாவில் அதுவே முதல் பதிவு.

1960களுக்குள் குரோஸ் மிஷேல் உலகச் சந்தையிலிருந்தே மறைந்தது. புதிய காட்டை அழித்து நட்டார்கள், மாதக்கணக்கில் வயலை நீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தது. தடித்த சுவருடைய அதன் வித்துகள், வாழையே இல்லாத மண்ணிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடக்கும். கடைசியில் அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் ரகத்துக்கு மாறித்தான் நிறுவனங்கள் தப்பின. ஒரே ரகத்தை விட்டுவிட்டு இன்னொரு ஒரே ரகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த முடிவின் விலையை உலகம் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

விதையில்லாத பயிரின் பலவீனம்

நெல்லில் நோய் வந்தால் தாங்கும் ரகத்தோடு ஒட்டுச் சேர்த்துச் சில ஆண்டுகளில் புது ரகம் எடுத்துவிடலாம். ரஸ்தாளியில் அது நடக்காது. மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட பயிர் அது. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாததால் பூந்தாதும் சூலும் சரியாக உருவாவதில்லை, விதை பிடிப்பதில்லை. ஆகவே கிழங்கிலிருந்து வரும் பக்கக்கன்றைப் பிரித்து நடுகிறோம். தாத்தா நட்ட ரஸ்தாளியும் பேரன் நடும் ரஸ்தாளியும் மரபணு அளவில் ஏறக்குறைய ஒரே உயிர். தாய்க்கு இல்லாத எதிர்ப்பு கன்றுக்கும் இல்லை. அதைவிடக் கேடு, நோயுற்ற தாயின் கிழங்கில் இருக்கும் பூஞ்சையும் கன்றோடு சேர்ந்து புது வயலுக்குப் பயணம் போகிறது.

வாழையில் இனக்கலப்பு முயற்சி 1922இல் மேற்கிந்தியத் தீவுகளின் டிரினிடாட்டில் தொடங்கியதே இந்த நோய்க்கு மாற்று தேடித்தான். இந்தியாவில் 1949இல் தஞ்சைச் சீமையின் ஆடுதுறையில் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. கே.சி. ஜேக்கப் சென்னை மாகாணத்து வாழைகளை வகை வகையாக விவரித்து 1952இல் ஒரு பெரும் நூலை வெளியிட்டார். எந்த ரகத்தில் எந்தக் குணம் ஒளிந்திருக்கிறது என்று தேட, முதலில் என்னென்ன ரகங்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். ஜேக்கப்பின் தலைமுறை அந்த அடித்தளத்தைப் போட்டுக் கொடுத்தது.

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி.எஸ். சதாசிவனும் அவர் மாணவர்களும் பருத்தியைத் தாக்கும் ஃபுசேரியத்தை ஆராய்ந்தார்கள். பூஞ்சை சுரக்கும் ஃபுசேரிக் அமிலம் என்ற நஞ்சு, நோயுற்ற பருத்திச் செடிக்குள்ளேயே இருப்பதை 1950களில் அவர்கள் காட்டினார்கள். வாடல் என்பது குழாய் அடைப்பு மட்டுமே என்று எண்ணிய காலத்தில், பூஞ்சை வேதிப்பொருள் கொண்டும் தாக்குகிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஃபுசேரியம் ஆய்வில் சென்னையின் பெயர் உலக அரங்கில் ஒலித்தது அப்போதுதான்.

தாயனூரில் ஒரு வாழைக் களஞ்சியம்

1993 ஆகஸ்ட் 21 அன்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில் நிறுவியது. தோகைமலை சாலையில், தாயனூரை அடுத்த போதாவூரில் அது இருக்கிறது. வாழை என்ற ஒரு பயிருக்காகவே நாட்டில் அமைந்த மையம் அது. வடகிழக்கின் காட்டு வாழை முதல் கேரளத்து நேந்திரன் வரை முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகளை அங்கே வயலிலேயே வளர்த்துக் காக்கிறார்கள். விதை இல்லாத பயிருக்கு விதைப் பெட்டகம் கிடையாது. உயிரோடு நிற்கும் தோட்டமே அதன் பெட்டகம்.

மையம் எடுத்துக்கொண்ட முதன்மைப் பணிகளில் ஒன்று வாடல் பூஞ்சையை அடையாளம் காண்பது. கண்ணுக்கு எல்லாம் ஒரே ஃபுசேரியம்தான். ஆனால் எந்த வாழையைத் தாக்குகிறது என்பதை வைத்து அதை ‘ரேஸ்’களாகப் பிரித்திருந்தார்கள். குரோஸ் மிஷேலையும் ரஸ்தாளியையும் வீழ்த்துவது ரேஸ் 1. நம் மொந்தனுக்கு உறவான புளூகோ என்ற சமையல் வாழையைத் தாக்குவது ரேஸ் 2. கேவண்டிஷையும் விடாதது ரேஸ் 4.

இந்தப் பிரிவு உழவருக்கு உதவியது, மரபியலாருக்குப் போதவில்லை. 1985இல் ஜான் புஹல்லா என்ற அமெரிக்க அறிஞர் ஒரு வழி கண்டார். நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாத இரண்டு திரிபுகளை ஒரே தட்டில் வளர்த்தால், அவை நெருங்கிய உறவாக இருந்தால் இழைகள் இணைந்து, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டி, சந்திக்கும் கோட்டில் அடர்ந்து வளரும். உறவு இல்லையென்றால் மெலிந்தே கிடக்கும். இப்படிச் சேரும் குழுக்களாகப் பிரித்தபோது வாழையைத் தாக்கும் ஃபுசேரியத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் தெரியவந்தன. ஒரே பூஞ்சை என்று நினைத்தது, வாழையைக் கொல்லும் வித்தையைத் தனித்தனியே கற்றுக்கொண்ட பல குடும்பங்களாக இருந்தது.

திருச்சி மையத்தின் ஆர். தங்கவேலுவும் எம்.எம். முஸ்தபாவும் 2010இல் வெளியிட்ட செய்தி இந்தச் சூழலில்தான் கனம் பெறுகிறது. ரேஸ் 1 கேவண்டிஷைத் தொடாது என்பது உலகம் முழுதும் நம்பப்பட்ட விதி. தமிழ்நாட்டில் கேவண்டிஷ் வாழைகளிலேயே ரேஸ் 1இன் வீரியமான ஒரு வடிவம் வாடலை உண்டாக்குவதை அவர்கள் பதிவு செய்தார்கள். பாதுகாப்பான ரகம் என்று எதையும் என்றென்றைக்கும் சொல்ல முடியாது என்ற எச்சரிக்கை நம் மாநிலத்து வயலிலிருந்தே கிளம்பியது.

கைமாறும் குரோமோசோம்

பாலினப் பெருக்கமே அறியப்படாத பூஞ்சை இது. பிறகு எப்படிப் புதிய வீரியம் பெறுகிறது? விடையின் முதல் பாதி தக்காளியிலிருந்து வந்தது. தக்காளியைத் தாக்கும் ஃபுசேரியம், செடியின் சாற்றுக் குழாய்க்குள் சில சிறு புரதங்களைச் சுரக்கிறது. செடியின் காவலைக் கலைத்து வழி திறப்பவை அவை. நெதர்லாந்து அறிஞர்கள் கண்ட இந்தப் புரதங்களை ‘சிக்ஸ்’ புரதங்கள் என்கிறார்கள்.

மறு பாதி 2010இல் வெளிவந்தது. லி ஜுன் மா தலைமையிலான குழு அந்தப் பூஞ்சையின் மரபணுத்தொகுதியை முழுதும் படித்தது. உயிர் வாழத் தேவையான மரபணுக்கள் நிலையான குரோமோசோம்களில் இருந்தன. நோய் உண்டாக்கும் மரபணுக்களோ சில உபரிக் குரோமோசோம்களில் குவிந்திருந்தன. அப்படி ஒரு குரோமோசோம், நோய் உண்டாக்காத இன்னொரு ஃபுசேரியத்துக்குள் அப்படியே போய்ச் சேர்ந்ததும், அதுவரை சாதுவாக இருந்தது தக்காளியைக் கொல்லத் தொடங்கியது. தாய் தந்தை இல்லாமலேயே பூஞ்சை தன் ஆயுதத்தை அயலாருக்குக் கொடுக்கிறது. நாமோ வாழையை நூற்றாண்டுகளாக ஒரே வார்ப்பில் நட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் அலை

1960களின் இறுதியில் தைவானில் கேவண்டிஷ் வாடத் தொடங்கியது. பின்னர் டி.ஆர்.4 என்று பெயர்பெற்ற வடிவம் இது. மலேசியா, இந்தோனேசியா, 1997இல் ஆஸ்திரேலியா, 2013இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், 2019இல் கொலம்பியா என்று கண்டம் விட்டுக் கண்டம் நகர்ந்தது. பல நாட்டு மாதிரிகளை மரபணு அளவில் ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வு, இவை எல்லாம் ஒரே வார்ப்பின் பிரதிகள் என்று காட்டியது. 2024இல் லி ஜுன் மாவின் குழுவினர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். டி.ஆர்.4, குரோஸ் மிஷேலை அழித்த பூஞ்சையின் வாரிசு இல்லை. அது தனிக் கிளை, அதற்கென்று தனி உபரி மரபணுக்கள்.

இந்தியாவில் டி.ஆர்.4 முதலில் தலைகாட்டியது பீகாரின் கடிஹார் பகுதியில். 2019இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் அதை உறுதி செய்தன. அவற்றில் ஒன்று திருச்சி மையத்தைச் சேர்ந்த தங்கவேலு குழுவினருடையது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் மாநிலங்களிலும் அது பதிவானது. திசுவளர்ப்பு ‘ஜி9’ கன்றுகள் பல்லாயிரம் ஏக்கரில் பரவியிருக்கும் நாடு இது. ஜி9 ஒரு கேவண்டிஷ்.

காவிரிப் பாசனத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. உய்யக்கொண்டான் வாய்க்காலும் கட்டளை வாய்க்காலும் ஒரு வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குக் கொண்டு போகின்றன. வித்து நீரில் மிதக்கும், மண்வெட்டியில் ஒட்டும், டிராக்டர் சக்கரத்தில் ஏறும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வயலின் மண் எந்த ஊர் வயலில் போய்ப் படியும் என்று யார் சொல்ல முடியும்?

வாழைக்குள் தேடியது

பூஞ்சையைப் படித்தது போலவே வாழையையும் படித்தார்கள். 2012இல் பிரான்சின் ஆஞ்ஜெலிக் தோன் தலைமையில் அக்யூமினாட்டாவின் மரபணுத்தொகுதி வெளியானது. 11 குரோமோசோம்கள், 36,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள். படிக்கப்பட்ட செடி, மலேசியக் காட்டு வாழையான மலாக்கென்சிஸ் வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் டி.ஆர்.4ஐத் தாங்கும் செடிகள் உண்டு.

அதே மலாக்கென்சிஸிலிருந்து ஆர்.ஜி.ஏ.2 என்ற ஒரு எதிர்ப்பு மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் சேர்த்தார் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் டேல். பூஞ்சை நிறைந்த மண்ணில் மூன்றாண்டு நடத்திய சோதனையில் ஒரு வரிசை நோயே இல்லாமல் நின்றது. 2017இல் முடிவு வெளியானது, 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா அதைச் சாகுபடிக்கு அனுமதித்தது. டேலின் ஆய்வுக்கூடம் இருப்பது பிரிஸ்பேனில், பான்கிராஃப்ட் வாடிய மரத்தைப் பார்த்த அதே ஊரில். கேவண்டிஷுக்குள்ளும் அந்த மரபணு ஏற்கெனவே இருக்கிறது, மிகக் குறைவாக இயங்குகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ரஸ்தாளி, பூவன் புதிருக்கு இது ஒரு வெளிச்சம். எத்தனை ‘ஏ’, எத்தனை ‘பி’ என்பது விடை ஆகாது. எந்த ‘ஏ’, எந்த மரபணு, எவ்வளவு விழித்திருக்கிறது என்பதே கேள்வி.

ரஸ்தாளிக்காகவே உழைத்தவர்கள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டி.ஆர். கணபதியும் உடன் பணியாற்றியவர்களும். பூஞ்சையின் இரண்டு முக்கிய மரபணுக்களை மௌனமாக்கும் ஆர்.என்.ஏ.வை வாழையே தயாரிக்கும்படி செய்து, அந்த ரஸ்தாளிச் செடிகள் ரேஸ் 1ஐத் தாங்குவதை 2014இல் காட்டினார்கள். ஆய்வுக்கூடச் சாதனை அது. உழவர் கைக்கு வர இன்னும் பல படிகள் உண்டு.

அதுவரை உழவருக்குத் துணை பழைய வழிகளே. நோயற்ற தோட்டத்துக் கன்று, நெல்லோடு பயிர்ச் சுழற்சி, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள். கிழங்கில் சாய்வாகத் துளையிட்டு 60 மில்லிகிராம் கார்பெண்டசிம் மருந்தைக் குப்பியில் வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது. இவை நோயைத் தள்ளிப்போடும். ரகத்தின் மரபணுவை மாற்றாது.

நம் கையில் இருப்பது

நஞ்சன்கூடு ரசபாளேயைப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம், மைசூர்ப் பகுதியின் பெருமை. வாடல் நோய் அதைச் சில தோட்டங்களுக்குள் சுருக்கிவிட்டது. ரஸ்தாளியின் உடன்பிறப்பு அது. காவிரிக்கு மேலே நடந்தது காவிரிக்குக் கீழே நடக்காது என்று நம்பியிருக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் நமக்கு ஒரு பலம் உண்டு. மத்திய அமெரிக்காவைப் போலத் திருச்சி ஒரே ரகத்தை நம்பி வாழவில்லை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன், நேந்திரன், ஏலக்கி என்று அடுத்தடுத்த வயல்களில் வேறு வேறு மரபணுக்கள் நிற்கின்றன. ஒன்று விழுந்தால் அடுத்தது குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. மரபியல் எத்தனை வளர்ந்தாலும் அது புதிதாக எதிர்ப்பைப் படைப்பது அரிது. பெரும்பாலும் எங்கோ ஒரு செடியில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டெடுக்கிறது. மலாக்கென்சிஸ் என்ற காட்டு வாழை அழிந்திருந்தால் டேலுக்கு எடுக்க எதுவும் இருந்திருக்காது. ஆகவே போதாவூர்த் தோட்டத்தில் காக்கப்படும் ஒவ்வொரு வகையும், படுகையில் ஓர் உழவர் பிடிவாதமாக நடும் ஒவ்வொரு நாட்டு ரகமும் வரப்போகும் நோய்க்கான மருந்துச் சேமிப்பு. சந்தைக்காக எல்லா வயலையும் ஒரே ரகமாக்கினால் அந்தச் சேமிப்பை நாமே அழிக்கிறோம். ரஸ்தாளிக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவரும், அதற்கு நல்ல கன்று தேடி அலைபவரும் இந்த ஆராய்ச்சியில் பங்காளிகள்தான்.

*(அடுத்த இதழில்: ஃபிஜித் தீவின் சிகடோகா பள்ளத்தாக்கில் 1912இல் பரவிப் பெயர்பெற்ற இலைப்புள்ளி நோய், காவிரிக்கரை வாழை இலைக்கு வந்து சேர்ந்த வரலாறு.)*